டார்ஷன் பாரிலிருந்து காயில்ஓவருக்கு: முன் சஸ்பென்ஷனை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்கும் நான்கு சக்கர இயக்க வண்டிகளில் டார்ஷன் பார் பல ஆண்டுகள் விரும்பிப் பயன்படுத்தப்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டுக்கு வேண்டிய இடத்தைப் பெரிய சுருள் ஸ்பிரிங் அடைத்துக்கொள்ளாமல், சேஸிஸின் ஓரமாக நீளவாக்கில் கிடக்கும் ஓர் எஃகுத் தண்டே முறுங்கி நிமிர்ந்து ஸ்பிரிங்கின் வேலையைச் செய்துவிடும். வண்டியின் உயரத்தையும் ஒரு போல்ட்டைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷன் கொண்ட பழைய டொயோட்டா ஹைலக்ஸ், 100 வரிசை லேண்ட் குரூசர், இரண்டாம் தலைமுறை மிட்சுபிஷி பஜேரோ, 1998 முதல் 2011 வரை அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு ரேஞ்சரின் நான்கு சக்கர இயக்க வகை ஆகியவை இவ்வமைப்போடு வந்தவை. 2007இல் வந்த 200 வரிசை லேண்ட் குரூசரில் முன்புறம் சுருள் ஸ்பிரிங் இடம்பிடித்துவிட்டது என்றாலும், ஜெனரல் மோட்டார்ஸின் கனரக பிக்கப்புகளில் டார்ஷன் பார் இன்னும் தொடர்கிறது.

ஆகவே, பழைய அமைப்பு மட்டமானது, புதியது எப்படியிருந்தாலும் மேலானது என்ற எண்ணத்தோடு வேலையில் இறங்குவதே முதல் தவறு. ஷாக் எனப்படும் அதிர்வடக்கியைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் அமைந்த ஒரே அலகான காயில்ஓவர் தரும் நன்மைகள் குறிப்பிட்ட சிலவே: விரும்பிய விறைப்புள்ள ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம், தடித்த ஷாக்கைப் பொருத்தி, மேடுபள்ளங்களில் வேகமாக நெடுநேரம் ஓட்டும்போது எழும் சூட்டைத் தாங்கவைக்கலாம், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் ஆர்ம்களையும் நீட்டினால் சக்கரத்தின் நகர்வைக் கூட்டலாம். மெதுவாகப் பாறைகளில் ஏறுவதற்கும் சரளைச் சாலையில் செல்வதற்கும் மட்டுமே வண்டியை வைத்திருப்பவருக்கு, நல்ல ஷாக்கும் நல்ல நிலையிலுள்ள டார்ஷன் பாருமே போதும் என்பது என் கருத்து.

எடை எங்கே போய்ச் சேர்கிறது?

இந்த மாற்றத்தில் நிகழும் பெரிய தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. டார்ஷன் பார் உள்ள வண்டியில் முன்பகுதியின் எடை கண்ட்ரோல் ஆர்மில் தொடங்கி, தண்டின் முறுக்கமாக மாறிப் பின்னோக்கிச் சென்று, சேஸிஸின் நடுப்பகுதியிலுள்ள குறுக்குச்சட்டத்தில் முடிகிறது. ஷாக்கின் மேல்முனையைப் பிடித்திருக்கும் தாங்கி அந்த எடையில் எதையும் சுமப்பதில்லை. ஷாக்கின் எதிர்விசையை மட்டுமே அது தாங்க வேண்டும் என்று கணக்கிட்டு, மெல்லிய தகட்டில் செய்திருப்பார்கள். அதே துளையில் காயில்ஓவரை மாட்டியதும் முன்பகுதியின் எடை முழுவதும், அதோடு ஒவ்வொரு குழியும் தரும் அடியும், அந்தத் தகட்டின் மேல் விழுகின்றன. நிற்கும் வண்டியில் இது தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு தகடு கிழியத் தொடங்கும். வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றும்.

விசையின் அளவைப் பார்த்தால் இதன் தீவிரம் விளங்கும். ஒரு முன்சக்கரத்தின் மேல் அமரும் எடை 540 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காயில்ஓவரின் கீழ்முனை, ஆர்மின் நுனியில் சக்கரப் பகுதியோடு இணையும் பந்து மூட்டான பால் ஜாயிண்டில் பொருந்துவதில்லை. அதற்கு உட்புறமாகவே பொருந்துகிறது. சக்கரம் 100 மி.மீ. ஏறும்போது காயில்ஓவர் 60 மி.மீ. மட்டுமே சுருங்குமானால், நகர்வு விகிதம் 0.6 ஆகும். அப்போது ஸ்பிரிங் தாங்க வேண்டியது 540 கிலோ அன்று, அதை 0.6ஆல் வகுத்து வரும் 900 கிலோ. அசையாமல் நிற்கும்போதே ஒரு பக்கத் தாங்கியில் இவ்வளவு சுமை இருக்கிறது என்றால், குழியில் விழுந்து எழும்போது அது இதைப்போலப் பல மடங்காகும்.

எனவே, மேல்தாங்கி சேஸிஸின் பக்கத்தகட்டில் பரவலாகப் பற்றிக்கொள்ளும் அடித்தகட்டோடு புதிதாகச் செய்யப்பட வேண்டும். நேர்செங்குத்தான ஒற்றைக் கோட்டில் வெல்டிங் போட்டு நிறுத்தினால், வெடிப்பு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே பரவும். அடித்தகட்டின் முனைகளைச் சாய்வாகவோ வளைவாகவோ வெட்டி விசையைப் பரப்புவதே முறை. சேஸிஸ் சட்டம் மூடிய பெட்டி வடிவில் இல்லாமல் ஒருபுறம் திறந்த வடிவில் இருந்தால், தாங்கி வரும் பகுதியை மட்டுமாவது தகடு வைத்து மூடிய பிறகே மேற்கொண்டு செல்ல வேண்டும். காயில்ஓவர் சாய்ந்து நிற்பதால் இரண்டு தாங்கிகளும் உட்புறமாகத் தள்ளப்படும். என்ஜினுக்கு மேலாக அவற்றை இணைக்கும் ஒரு குறுக்குக் குழாய் இல்லாவிட்டால், காலப்போக்கில் அவை ஒன்றையொன்று நோக்கிச் சாயும். அந்தக் குழாயைக் கழற்றிப் பூட்டத்தக்கதாக அமைக்க மறந்துவிட்டு, பிறகு என்ஜின் வேலைக்கு வழியின்றி நிற்பவர்களும் உண்டு.

கீழ்முனையிலும் இதே கவனம் வேண்டும். ஒருபுறத் தகட்டிலிருந்து மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டில் பழைய ஷாக் தொங்கலாம். வண்டியின் எடையைச் சுமக்கும் காயில்ஓவர் தொங்கக்கூடாது. போல்ட்டை இருபுறமும் தகடு பிடித்திருக்க வேண்டும்; போல்ட்டின் தர எண் 10.9 ஆகவோ அதற்கிணையாகவோ இருக்க வேண்டும். போல்ட்டின் மரைப்பகுதி தகட்டின் துளைக்குள் வராமல் வழவழப்பான தண்டுப்பகுதியே அங்கு அமர வேண்டும். தாங்கி ஆர்மின் மையக்கோட்டிலிருந்து வெகுவாக முன்னோ பின்னோ விலகியிருந்தால், ஒவ்வொரு அசைவிலும் ஆர்மே முறுக்கப்படும். அழுத்தித் தகட்டில் செய்த மெல்லிய ஆர்ம்கள் இதை நீண்டகாலம் தாங்குவதில்லை.

பலரும் கவனிக்காமல் விடும் இன்னொன்று, எந்தப் பால் ஜாயிண்ட் எடையைச் சுமக்கிறது என்பது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து வந்த ஹைலக்ஸில் டார்ஷன் பார் மேல் ஆர்மோடு இணைந்திருக்கும். அதாவது, அங்கே எடையைச் சுமப்பது மேல் பால் ஜாயிண்ட்தான். காயில்ஓவரைக் கீழ் ஆர்மில் அமர்த்தினால் அந்தச் சுமை கீழ் ஜாயிண்டுக்கு மாறிவிடும். இதுவரை சக்கரத்தை நேராகப் பிடித்திருக்கும் வேலையை மட்டுமே செய்துவந்த ஜாயிண்ட் அது. கீழ் ஜாயிண்டும் அதன் போல்ட்களும் இதற்கு ஏற்றவையா என்று தீர்மானிக்காமல் செய்யும் மாற்றத்தில், ஜாயிண்ட் பிடுங்கிக்கொண்டு சக்கரம் வண்டிக்கடியில் மடங்கும் ஆபத்து இருக்கிறது. டார்ஷன் பார் கீழ் ஆர்மிலேயே உள்ள வண்டிகளில் இந்தக் கவலை இல்லை.

ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பது

அடுத்த தவறு, வேறொருவர் வண்டியில் நன்றாக இருந்த ஸ்பிரிங்கை அப்படியே வாங்குவது. நகர்வு விகிதம் வேறானால் அதே ஸ்பிரிங் வேறு ஸ்பிரிங் போல நடந்துகொள்ளும். சக்கரத்தில் உணரப்படும் விறைப்பைப் பெற, ஸ்பிரிங்கின் விறைப்பை நகர்வு விகிதத்தால் ஒருமுறை அல்ல, இருமுறை பெருக்க வேண்டும். மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங், 0.6 விகிதத்தில் சக்கரத்தில் 36 நியூட்டனாகவே உணரப்படும், விகிதம் 0.7 என்றால் அது 49 ஆகிவிடும். காயில்ஓவர் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு இந்த விகிதமும் குறையும் என்பதால், ஆர்மின் நீளத்தை மட்டும் அளந்து கணக்கிடாமல், சக்கரத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கி, காயில்ஓவரின் இரு முனைகளுக்கிடையிலான நீளம் எவ்வளவு மாறுகிறது என்று நேரடியாக அளப்பதே நம்பத்தக்கது. எடையையும் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியாக, வின்ச், முன்பம்பர், இரண்டாவது பேட்டரி எல்லாம் பொருத்திய பிறகே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன 900 கிலோ, ஏறக்குறைய 8,830 நியூட்டன். 100 நியூட்டன் ஸ்பிரிங் அந்தச் சுமையில் 88 மி.மீ. சுருங்கும். ஷாக்கின் மொத்த நகர்வு 150 மி.மீ., வண்டி நிற்கும் உயரத்திலிருந்து கீழே இறங்குவதற்கு 60 மி.மீ. ஒதுக்குகிறோம் என்றால், மீதி 28 மி.மீ. சுருக்கத்தை, ஸ்பிரிங் அமரும் மரைவளையத்தைத் திருகி முன்னழுத்தமாகக் கொடுக்க வேண்டும். இது நியாயமான அளவு. மென்மையாக இருக்கட்டும் என்று 60 நியூட்டன் ஸ்பிரிங்கை எடுத்தால், அது 147 மி.மீ. சுருங்கும், 87 மி.மீ. முன்னழுத்தம் தேவைப்படும், சக்கரம் முழுதும் ஏறும்போது மொத்தச் சுருக்கம் 237 மி.மீ.ஐ எட்டும். அவ்வளவு சுருங்கும் முன்பே சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் ஸ்பிரிங்குகள் ஏராளம். மறுபுறம், 150 நியூட்டன் ஸ்பிரிங் 59 மி.மீ.தான் சுருங்கும், சக்கரம் முழுதும் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இருக்கையில் ஆடத் தொடங்கும். இந்த எளிய கூட்டல் கழித்தலைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாலே வீண்செலவில் பாதி மிச்சமாகும்.

மரைவளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்ற நம்பிக்கை, டார்ஷன் பாரின் போல்ட்டை இறுக்கினால் அது விறைப்பாகும் என்ற பழைய நம்பிக்கையின் தொடர்ச்சியே. இரண்டிலும் விறைப்பு மாறுவதில்லை, உயரம்தான் மாறுகிறது. அப்படி உயர்த்திய வண்டி கடினமாகக் குலுக்குவதற்குக் காரணம், கீழ்நகர்வு குறைந்துபோய், ஒவ்வொரு சிறு பள்ளத்திலும் சக்கரம் அதன் எல்லையில் போய் இடிப்பதுதான்.

டார்ஷன் பாரையும் விட்டுவைத்துக்கொண்டு காயில்ஓவரையும் மாட்டுவோர் உண்டு. இரண்டின் விறைப்பும் அப்போது ஒன்றாகக் கூடும். இதைக் கணக்கில் எடுத்து, மென்மையான ஸ்பிரிங்கைத் துணைக்கு வைப்பதில் குற்றமில்லை. முழு எடைக்கான ஸ்பிரிங்கை வைத்துவிட்டு டார்ஷன் பாரைத் தளர்த்தி மட்டும் விட்டால், சக்கரம் ஏறும்போது அது மீண்டும் முறுங்கிக் கணக்கைக் கெடுக்கும்.

நகர்வின் எல்லைகள்

காயில்ஓவரையே தடுப்பானாகப் பயன்படுத்துவதுதான் வேலை முடிந்த பின் வெளிப்படும் தவறுகளில் அதிகச் செலவு வைப்பது. சக்கரம் முழுதும் ஏறும்போது ஷாக்கின் பிஸ்டன் அடியில் போய் இடிக்கும் முன்பே ஆர்ம் ஒரு பம்ப் ஸ்டாப்பில் மோத வேண்டும்; முழுதும் இறங்கும்போது ஷாக் நீண்டு முடியும் முன்பே ஒரு தடுப்புப் பட்டை இறுக வேண்டும். இடையில் சற்றேனும் ஷாக்கின் நகர்வு மிச்சமிருக்க வேண்டும். தொழிற்சாலையின் ரப்பர் பம்ப் ஸ்டாப்பைப் புதிய தாங்கிக்கு இடம்விட அறுத்து எறிந்துவிட்டு, அதற்கு மாற்று வைக்காமல் ஓட்டினால், வளைந்த ஷாக் தண்டோடு திரும்பி வர வேண்டியிருக்கும்.

கீழ்நகர்வின் எல்லையை ஷாக்கின் நீளம் முடிவுசெய்வதில்லை; பெரும்பாலும் ஆக்ஸில் தண்டு வளைந்த கோணத்திலும் சுழல உதவும் மூட்டான சி.வி. ஜாயிண்டே முடிவுசெய்கிறது. கோணம் மிகுந்தால் ஜாயிண்ட் பிணங்கும், ரப்பர் உறை கிழியும், உள்ளிருக்கும் கிரீஸ் போய்விடும். பால் ஜாயிண்டுக்கும் அதற்கேயுரிய கோண எல்லை உண்டு. ஆகவே வரிசை முக்கியம்: ஸ்பிரிங் இல்லாமல் ஆர்மை ஜாக்கினால் மேலும் கீழும் கொண்டுசென்று, ஆக்ஸில் தண்டு தடையின்றிச் சுழலும் எல்லைகளை முதலில் கண்டறிந்து, அதற்குப் பொருந்தும் நீளமுள்ள காயில்ஓவரை அதன்பின் வாங்க வேண்டும். முதலில் காயில்ஓவரை வாங்கிவிட்டு, அதற்கேற்பத் தாங்கியின் இடத்தைத் தேடுவது தலைகீழ் வேலை.

அப்படி ஏற்றி இறக்கும்போதே ஸ்டீயரிங்கை இரு ஓரங்களுக்கும் திருப்பி, ஸ்பிரிங்கின் வெளிவட்டம் மேல் ஆர்மிலோ, டயரிலோ, ஆக்ஸில் உறையிலோ உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஷாக்கைவிடச் சுருள் மிகவும் பருமனானது; சுருங்கும்போது அது பக்கவாட்டில் சற்றுப் புடைக்கவும் செய்யும் என்பதால், நூலிழை இடைவெளி போதாது. பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் முழுக் கீழ்நகர்வில் இழுபடாமல் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே முடித்துக்கொள்ளலாம்.

கழற்றும்போது

டார்ஷன் பார், வண்டியின் எடையைத் தாங்கும் அளவு முறுங்கிய நிலையிலேயே இருக்கிறது. அதன் பின்முனையைப் பிடித்திருக்கும் நெம்புகோலான சாவியைத் தளர்த்துவதற்கென உள்ள கருவி இல்லாமல், கைக்குக் கிடைத்த சி-கிளாம்ப்பை வைத்து முயல்வது எலும்பை முறிக்கும் விபத்தில் முடியலாம். சக்கரங்கள் தொங்கும்படி சேஸிஸை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, உரிய கருவியால் சாவியைத் தாங்கிக்கொண்டு, சரிசெய்யும் போல்ட்டைக் கழற்றிய பின்னரே தண்டைத் தொட வேண்டும். பின்னால் பயன்படக்கூடும் என்று எடுத்துவைப்பவர்கள் இடது, வலது என்று குறித்துவைப்பது அவசியம். அவை முறுக்கத் திசைக்கேற்பத் தனித்தனியாகத் தயாரிக்கப்படுவதால் இடம் மாற்றிப் போடக்கூடாது. காலியான குறுக்குச்சட்டத்தையும் வெட்டி எறிந்தால் அடியில் இடைவெளி கூடும் என்ற ஆசை இயல்புதான்; ஆனால் அது வேறெதையாவது தாங்குகிறதா, சேஸிஸின் விறைப்புக்குத் துணைநிற்கிறதா என்று தெரியாமல் வெட்டக்கூடாது.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், எரிபொருள், பிரேக் குழாய்களை அப்பகுதியிலிருந்து விலக்குவதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல, என்றாலும் அவசரத்தில் விடுபடுபவை.

ஓட்டத் தொடங்கிய பின்

புதிய ஸ்பிரிங்கோடு வரும் ஷாக்கின் உள்வால்வு அந்த வண்டிக்கே பொருந்தும் என்று கொள்ள வேண்டியதில்லை. விறைப்பான ஸ்பிரிங் வேகமாக நிமிரும். அதைக் கட்டுப்படுத்தும் எதிர்விசை குறைவாக இருந்தால் வண்டி துள்ளிக்கொண்டே போகும், மிகுந்தால் அடுத்தடுத்த குழிகளில் சக்கரம் கீழே வர நேரமின்றிப் படிப்படியாக மேலேயே தங்கிவிடும். நைட்ரஜன் அழுத்தத்தைக் கூட்டி இதைத் திருத்த முயல்வது பயனற்றது. 22 மி.மீ. தண்டுள்ள ஷாக்கில் 14 பார் அழுத்தம் ஏறத்தாழ 54 கிலோ தள்ளுவிசையை மட்டுமே தருகிறது. எண்ணெய் நுரைக்காமல் காப்பதே அதன் பணி.

வீல் அலைன்மென்ட்டை வண்டி இறங்கிய அன்றே செய்து முடித்தாயிற்று என்று விட்டுவிடக்கூடாது. ஸ்பிரிங்குகள் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்று அமரும். உயரம் மாறினால் சக்கரம் நிற்கும் கோணங்களான கேம்பர், காஸ்டர், டோ மூன்றும் மாறும். எனவே அன்று செய்வதைத் தற்காலிகமாகக் கொண்டு, ஸ்பிரிங் அமர்ந்தபின் மரைவளையத்தால் இருபக்க உயரத்தைச் சமன்செய்து, அதன் பிறகு மீண்டும் அலைன்மென்ட் செய்ய வேண்டும். ரப்பர் புஷ்கள் உள்ள ஆர்ம்களின் போல்ட்களை, வண்டி தன் எடையில் நிற்கும்போதே முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுங்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். அதே நாளில் எல்லாத் தாங்கிகளின் போல்ட்களையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சோதித்து, வெல்டிங் ஓரங்களைத் துடைத்து விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அந்த இடங்களுக்கு வெளிர்நிறப் பெயிண்ட் அடித்திருந்தால், வெடிப்பு தோன்றும்போது துருக்கோடு உடனே கண்ணில் படும்.