மதியச் சாப்பாட்டின் சத்துக் கணக்கு: ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு செய்முறை

"சரிவிகித உணவு உண்ண வேண்டும்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அத்தோடு சரி. தங்கள் டிபன் பாக்ஸில் இருக்கும் சோற்றில் இரும்புச்சத்து எவ்வளவு என்று அவர்களே கணக்கிடும்போதுதான் கேள்விகள் கிளம்புகின்றன. என் வகுப்பில் இப்போது நன்றாக நடக்கும் முறையை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் லேபும் ஒரு டிஜிட்டல் சமையல் தராசும் போதும்.

எந்த மென்பொருள்?

சாப்பிட்டதைப் பதிந்தால் சத்தைக் கூட்டிக் காட்டும் மைஃபிட்னஸ்பால் ஆப் வகுப்புக்கு வேண்டாம் என்பேன். அதில் நிறையப் பதிவுகள் பயனர்களே போட்டவை. "இட்லி" என்று தேடினால் ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்கள் வரும். பலவற்றில் இரும்புச்சத்துக் கட்டம் காலியாகவே இருக்கும். கூட்டும்போது காலிக் கட்டம் பூஜ்யமாகிவிடும். கீரை சாப்பிட்டவருக்கும் இரும்பே கிடைக்கவில்லை என்று திரை காட்டும். அதே வகை ஆப்பான க்ரோனோமீட்டர் இதைவிட நம்பகமானது. ஆசிரியர் ஒரே கணக்கில் நுழைந்து புரொஜெக்டரில் காட்ட நல்லது.

ஆனால் மாணவர்கள் கையில் கொடுக்க என் தேர்வு லிப்ரெஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாள் (ஸ்பிரெட்ஷீட்) மென்பொருள். தரவுக்கு, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணை. 528 உணவுகள், நம் ஊர்க் கீரைகள், சிறுதானியங்கள் எல்லாம் உண்டு. தமிழ்ப் பெயர்களும் இருப்பதால் தேடுவது சுலபம். தேவையான 40, 50 வரிகளை மட்டும் ஒரு ஷீட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: யாருடைய தேவை?

ஆப்கள் முதலில் கேட்பது வயது, உயரம், எடை, குறைக்க விரும்பும் எடை. வகுப்பில் யாருடைய எடையையும் கேட்காதீர்கள். இது எனக்கு மிக முக்கியம். பதின்மூன்று, பதினான்கு வயதில் உடம்பைப் பற்றிய ஒரு கேலி போதும், ஒரு பிள்ளை மதியச் சாப்பாட்டையே ஒதுக்கத் தொடங்கிவிடும். கலோரி வரிசையையும் நான் சேர்ப்பதில்லை.

அதற்குப் பதில் ஒரு கற்பனைப் பெண், வயது 14. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 பரிந்துரைப்படி அவளுக்கு ஒரு நாளைக்குப் புரதம் சுமார் 43 கிராம், இரும்பு 30 மில்லிகிராம், கால்சியம் 1000 மில்லிகிராம். இந்த மூன்று எண்களும் ஷீட்டின் மேல் வரியில் இருக்கட்டும்.

படி 2: எடை போடுதல்

இங்கேதான் ஏறக்குறைய எல்லாரும் தடுக்குகிறார்கள். அட்டவணையில் உள்ள அரிசியும் பருப்பும் சமைக்காதவை. தட்டில் இருப்பதோ சோறு. ஒரு மாணவி 280 கிராம் சோற்றை எடை போட்டு, "அரிசி 280" என்று அடித்தால் புரதம் 22 கிராம் என்று வரும். உண்மையில் அது 8 கிராம்தான். தண்ணீரின் எடையெல்லாம் அரிசியின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சரி, எப்படிச் சரிசெய்வது? வீட்டில் உலை வைக்கும் முன் அரிசியை எடை போடச் சொல்லுங்கள். வெந்த பிறகு மொத்தச் சோற்றையும் எடை போட வேண்டும். 500 கிராம் அரிசி 1400 கிராம் சோறானால், 1400-ஐ 500-ஆல் வகுக்க 2.8. இனி அந்த வீட்டில் தட்டில் விழும் சோற்றின் எடையை 2.8-ஆல் வகுத்தால் அரிசியின் எடை கிடைக்கும். 280 கிராம் சோறு, 100 கிராம் அரிசி. குக்கரில் வைப்பவர்களுக்கும் வடிப்பவர்களுக்கும் இந்த எண் வேறுபடும். அதனால் ஒரே எண்ணை வகுப்பு முழுதுக்கும் கொடுக்காதீர்கள். வடிப்பவர்கள் வீட்டில் பி வைட்டமின்களில் ஒரு பங்கு கஞ்சியோடு போய்விடும். ஷீட் அதைக் காட்டாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சாம்பாருக்கும் இதே வழிதான். 100 கிராம் துவரம்பருப்பில் வைத்த சாம்பாரை ஐந்து பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 20 கிராம் பருப்பு, புரதம் 4 கிராமுக்குச் சற்று மேல். "சாம்பார்ல அவ்வளவுதானா சார்?" என்று வகுப்பே கேட்கும்.

படி 3: ஒன்றை மட்டும் மாற்றுதல்

சோறு, சாம்பார், ஒரு முட்டை. புரதம் 18 கிராம் அளவுக்கு வந்துவிடும், மோசமில்லை. இரும்பு 2 மில்லிகிராமைச் சற்றே தாண்டும். ஒரு நாள் தேவை 30. இந்த இடைவெளியைப் பார்த்தபின் ஒரே ஒரு பொருளை மாற்றச் சொல்லுங்கள்.

50 கிராம் முருங்கைக்கீரை சேர்த்தால் இரும்பு இரண்டு மில்லிகிராமுக்கு மேல் கூடும், கால்சியமும் 150-ஐத் தாண்டும். 100 கிராம் அரிசியில் பாதியைக் கம்பாக்கினால் 0.65 மில்லிகிராமாக இருந்த இரும்பு 3.5 ஆகிறது. கேழ்வரகு 50 கிராம் என்றால் கால்சியம் 180 மில்லிகிராம். பிள்ளைகள் தாங்களே இவற்றைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும், விடையை முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

எந்த மென்பொருளும் கூட்டித்தான் காட்டும். உடம்பு எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்று காட்டாது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும், சாப்பிட்டவுடன் டீ குடித்தால் குறையும். இதை அன்றே சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை

கலோரி வரிசையையும் சேர்த்த ஓர் ஆசிரியை, 100 கிராம் அரிசிக்கு 1491 என்று வருகிறதே என்று கேட்டிருந்தார். அட்டவணையில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கிறது; 4.184-ஆல் வகுத்தால் 356 கிலோகலோரி.

வீட்டில் தராசு இல்லாத பிள்ளைகள் என்ன செய்வது என்று பலர் கேட்டீர்கள். அவர்கள் வீட்டில் அரிசி அளக்கும் டம்ளரையும் பருப்பு அளக்கும் கரண்டியையும் ஒருநாள் பள்ளிக்கு எடுத்துவரச் சொல்லி, அரிசியும் பருப்பும் நிரப்பி எடை போட்டு நோட்டில் குறித்துக் கொடுங்கள். சோற்றுக்கு எடையே வேண்டாம்: எத்தனை டம்ளர் அரிசி போட்டார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எழுதி வந்தால் போதும், வகுத்துக்கொள்ளலாம். புழுங்கல் அரிசிக்கு அட்டவணையில் தனி வரி உண்டு, அதையே எடுங்கள்.