ஈக்கோ, ஆம்னி வேனில் பெரிய சாமான் ஏற்றுவது எப்படி? பீரோ முதல் வாழைமரம் வரை

மாருதி ஆம்னியின் உற்பத்தி 2019-ல் நின்றுவிட்டது. 2010-ல் வந்த ஈக்கோ இன்றும் விற்பனையில் இருக்கிறது. இரண்டுமே குடும்ப வண்டிகள்தான். ஆனால் தட்டையான தரை, தள்ளித் திறக்கும் பக்கக் கதவுகள், மேலே தூக்கும் பின்கதவு என்ற மூன்றும் சேர்ந்து, சாதாரண காரில் நினைத்தே பார்க்க முடியாத சாமான்களை இவற்றில் கொண்டுபோக வைக்கின்றன. புதிதாக வண்டி வாங்கியவர்கள், வீடு மாற்றப் போகிறவர்கள், கல்யாண வேலையில் இறங்கியவர்களுக்காக முறையை வரிசையாகச் சொல்கிறோம். விளக்கம் ஈக்கோவை வைத்து. ஆம்னிக்கும் இதே முறைதான், இடம் மட்டும் குறைவு.

1. முதலில் அளக்க வேண்டியது கதவின் வாயை

ஈக்கோ வெளியே 3675 மி.மீ. நீளம், 1475 மி.மீ. அகலம். இந்த எண்களை நம்பி சாமான் வாங்கப் போகாதீர்கள். பொருள் உள்ளே போகுமா என்பதைக் கதவின் வாய்தான் தீர்மானிக்கும். உள்ளே கூரை உயரமாக இருக்கும், ஆனால் பின்கதவின் மேல்விளிம்பு அதைவிடத் தாழ்வாக இருக்கும். உள்ளே தாராளமாக நிற்கக்கூடிய பெட்டி வாசலிலேயே இடித்து நிற்பது இதனால்தான்.

இஞ்சு டேப்பை எடுத்து ஐந்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: பின்கதவு வாயின் உயரம், அதன் அகலம், பக்கக் கதவு முழுதாகத் திறந்தால் கிடைக்கும் அகலம், பின்சக்கரங்களுக்கு மேல் உள்ளே புடைத்திருக்கும் மேடுகளுக்கு இடைப்பட்ட தூரம், முன்சீட்டின் முதுகிலிருந்து மூடிய பின்கதவு வரை நீளம். கடைசி அளவை எடுக்கும்போது பின்கதவு மூடியிருக்க வேண்டும். கதவு உள்பக்கம் சாய்ந்திருப்பதால், தரையில் கிடைக்கும் நீளம் மேலே கிடைக்காது. தரையிலும் இடுப்பு உயரத்திலும் தனித்தனியாக அளந்து, போனில் சேமித்து வையுங்கள். கடையில் நின்று யோசிக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

சந்தேகமான பொருளுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. அதன் நீள அகலத்துக்கு ஓர் அட்டையை வெட்டி, அதை வண்டிக்குள் நுழைத்துப் பாருங்கள். நீளமான பொருள் என்றால் அதே நீளத்துக்கு ஒரு மூங்கில் குச்சி போதும்.

2. பின்சீட்டைக் கழற்றுதல்

பெரிய சாமானுக்குப் பின்சீட்டைக் கழற்றுவதுதான் நல்லது. தரையோடு போல்ட் போட்டுத்தான் பூட்டியிருப்பார்கள். 12, 14 எண் சாக்கெட் இரண்டையும் நீளமான கைப்பிடியோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியில் போல்ட் துருப்பிடித்திருக்கும். துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து 15 நிமிடம் விட்டுவிட்டுத் திருப்புங்கள். அவசரப்பட்டால் போல்ட் தலை மழுங்கிவிடும். சீட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். தனியாக இழுத்தால் கதவு ஓரத்துப் பெயின்ட் போகும்.

கழற்றிய போல்ட்டுகளை அதே துளைகளில் கையால் திருகி வையுங்கள். தொலையவும் தொலையாது, துளைக்குள் மண்ணும் போகாது. திரும்பப் பூட்டும்போதுதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். எல்லா போல்ட்டையும் முதலில் விரலாலேயே மூன்று, நான்கு சுற்று ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு ஸ்பேனரைத் தொடுங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் துளை ஒத்துவராது. வலுக்கட்டாயமாக ஏற்றினால் தரையில் பற்றவைத்திருக்கும் நட்டின் மரை போய்விடும். அதைச் சரிசெய்ய வெல்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். வேலை முடிந்ததும் சீட்டை மாட்டிவிடுங்கள். சீட் இல்லாத இடத்தில் ஆளை உட்காரவைத்து ஓட்டவே கூடாது.

தரையில் பழைய ரப்பர் பாயை விரியுங்கள். கீறல் விழாது என்பதைவிட, சாமான் வழுக்காது என்பதே பெரிய லாபம்.

3. எடை எங்கே உட்கார வேண்டும்

வண்டியின் கையேட்டில் உள்ள அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழியுங்கள். மிச்சம்தான் ஏற்றக்கூடிய எடை. ஓட்டுநரும் கூட வருகிறவர்களும் அதற்குள் அடக்கம். சிமென்ட் மூட்டை ஒன்று 50 கிலோ. இரண்டடிக்கு இரண்டடி தரை டைல்ஸ் நான்கு கொண்ட பெட்டி 25 கிலோவைத் தாண்டும். டைல்ஸில் இடம் நிறையவே மிச்சமிருக்கும், எடை எப்போதோ முடிந்திருக்கும். கண்ணை நம்பாமல் கணக்குப் போடுங்கள்.

கனமான பொருள் முன்சீட்டின் முதுகை ஒட்டி, தரையில் இருக்க வேண்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் கனத்தை வைத்தால் வண்டியின் மூக்கு தூக்கும். ஸ்டீயரிங் லேசாகும், முன்சக்கரத்தின் பிடி குறையும், இரவில் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். முழுச்சுமைக்கான டயர் காற்று அளவு ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளிலோ கையேட்டிலோ இருக்கும். கிளம்புமுன் அந்த அளவுக்குக் காற்றடித்து, இறக்கியதும் பழைய அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.

4. கட்டுவது

வண்டிக்குள் இருக்கிறதே, எதற்குக் கட்டு என்று விட்டுவிடக் கூடாது. பிரேக்கை அழுத்தி மிதித்தால், பொருள் தன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு விசையோடு முன்னால் தள்ளும். 60 கிலோ வாஷிங்மெஷின் உங்கள் முதுகில் 45 கிலோவாக மோதும். விபத்து என்றால் இது பல மடங்கு.

கைப்பிடியை அசைத்து இறுக்கும் 25 மி.மீ. அகல ராட்செட் பெல்ட் இரண்டு இருந்தால் கவலையில்லை. கயிறுதான் என்றால் இப்படிக் கட்டுங்கள்: ஒரு முனையைத் தரைக் கொக்கியில் முடிந்து, கயிற்றைப் பொருளின் மேல் போட்டு மறுபக்கம் கொண்டுவாருங்கள். அந்தப் பக்கத்தில், கொக்கிக்கு ஒரு முழம் மேலே கயிற்றின் நடுவில் சிறு கண்ணி ஒன்று போடுங்கள். மிச்ச நுனியைக் கொக்கிக்குள் விட்டு, மேலே கொண்டுவந்து கண்ணிக்குள் நுழைத்துக் கீழே இழுங்கள். கப்பி போல வேலை செய்யும். வெறுங்கையால் இழுப்பதைவிட நல்ல இறுக்கம் கிடைக்கும். இழுத்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தபடியே இரண்டு அரைமுடிச்சு போட்டுவிடுங்கள். நைலான் கயிறு நீளும் குணமுள்ளது. ஐந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும்.

சீட் பெல்ட்டை சாமான் கட்டப் பயன்படுத்தாதீர்கள். கூரான விளிம்பு அதன் நாரை அறுத்துவிடும். பிறகு அது ஆளைத் தாங்காது.

5. எந்தச் சாமானை எப்படி

*ஃபிரிட்ஜ்:* நிற்கவைத்துக் கொண்டுபோவதே நல்லது. உயரம் போதாமல் படுக்கவைத்தால், கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறும். வீட்டில் நிமிர்த்திய உடனே பிளக்கைச் செருகாதீர்கள். படுத்திருந்த நேரம் அளவுக்காவது, நீண்ட பயணம் என்றால் ஒரு நாள் முழுக்க, நிற்கவிட்டுப் பிறகு போடுங்கள்.

*முன்பக்கம் திறக்கும் வாஷிங்மெஷின்:* வாங்கும்போது பின்னால் இருந்த டிரான்ஸிட் போல்ட்டுகளைத் தேடி மாட்டுங்கள். அவை இல்லாமல் ஏற்றினால் உள்ளே டிரம் குலுங்கி, அதைத் தாங்கும் பாகங்கள் கெடும்.

*ஆறரையடி பீரோ:* தட்டுகளைக் கழற்றி, பூட்டி, கதவு மேலே பார்க்க மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். பின்கதவு மூடவில்லை என்றால் அங்கேயே விட்டுவிட்டுக் குட்டியானை பிடியுங்கள். பின்கதவைத் தூக்கிக் கட்டியபடி ஓட்டினால் வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று சைலன்ஸர் புகையை உள்ளே இழுக்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகுதான் தெரியும். தவிர, சாமான் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய்.

*பிளைவுட், பைப்:* எட்டுக்கு நான்கடி ஷீட் முழுதாக உள்ளே போகாது. ஆசாரியிடம் அளவுச் சீட்டு வாங்கிப் போய்க் கடையிலேயே வெட்டி வாங்குங்கள். 20 அடி பிவிசி பைப்பையும் வண்டி அளவுக்குத் துண்டாக்கி, கூடவே துண்டுகளை இணைக்கும் கப்ளிங் வாங்கிக்கொள்ளலாம். முன்சீட்டுகளுக்கு நடுவே பைப்பை விடும்போது கியர் கம்பி எல்லா கியருக்கும் தடையின்றிப் போகிறதா, ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்குகிறதா என்று வண்டியை எடுக்குமுன் போட்டுப் பாருங்கள். முனைகளைச் சாக்கால் சுற்றிக் கட்டுங்கள்.

*கண்ணாடி:* எப்போதும் நிறுத்தித்தான், அதுவும் வண்டி போகும் திசைக்கு இணையாக. படுக்கவைத்த கண்ணாடி முதல் வேகத்தடையிலேயே நடுவில் விரியும். இரண்டு பக்கமும் மெத்தை இருந்தால் மிக நன்று.

*இன்வெர்ட்டர் பேட்டரி:* நிமிர்ந்தே இருக்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் தட்டு ஒன்று வையுங்கள். சிந்திய ஆசிட் தரைத்தகட்டைத் தின்றுவிடும்.

*குலையோடு வாழைமரம்:* கல்யாண வாசலுக்கு இரண்டு மரம் இந்த வண்டியில் அழகாகப் போகும். தார்ப்பாய் விரிக்காமல் மட்டும் ஏற்றாதீர்கள். வாழைக்கறை சீட் துணியில் பட்டால் போகவே போகாது. இலைகளை நுனிப்பக்கமாக மடக்கி, வாழைநாரால் மூன்று இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் நடுநரம்பு ஒடியும். அடிமரம் முன்னால், இலை பின்னால் இருக்கும்படி நுழைத்தால் இலைகள் தானாகவே பின்னால் படிந்து வரும். அடிமரம் முழுக்கத் தண்ணீர்தான், நல்ல கனம். அது முன்னால் இருப்பது எடைக்கும் நல்லது. குலைக்கு அடியில் வைக்கோல் அல்லது பழைய போர்வை. மரம் உருளாமல் இருபுறமும் மணல் மூட்டையோ அரிசி மூட்டையோ அண்டை கொடுங்கள். வெயிலில் மூடிய வண்டியில் இலை சீக்கிரம் வாடும். ஈரச்சாக்கைப் போர்த்தி விடியற்காலையில் எடுத்துப் போனால் மண்டப வாசலில் பச்சையாக இறங்கும்.