செயின்ட் டெனியில் ஸ்பெஷாலிட்டி காபிக் கடைக்கு முதன்முறை செல்வோருக்கு

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குப் புதிதாக வந்தவர்களும், இங்கேயே குடியிருந்தும் வீட்டுக் காபியைத் தாண்டாதவர்களும் தலைநகர் செயின்ட் டெனியின் சிறிய ஸ்பெஷாலிட்டி காபிக் கடைகளுக்குள் (விளைந்த ஊரும் ரகமும் சொல்லித் தரமான காபி விற்கும் கடைகள்) நுழையத் தயங்குகிறார்கள். பலகையில் உள்ள பெயர்கள் விளங்குவதில்லை, விலையும் மிரட்டுகிறது. கீழ்க்கண்ட வரிசையில் சென்றால் கொடுத்த காசு வீண்போகாது.

முதற்படி, நேரம். ஞாயிற்றுக்கிழமையில் பல கடைகள் திறப்பதில்லை. வேலை நாளில், காலை நெரிசல் ஓய்ந்தபின் சென்றால் காபி போடுபவருக்கு உங்களோடு பேச நேரமிருக்கும். நுழைந்ததும் "போன்ஜூர்" (வணக்கம்) சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் ஆர்டர் கொடுப்பது இங்கே மரியாதைக் குறைவு.

இரண்டாவதாக, அலமாரியில் உள்ள பொட்டலங்களைப் பாருங்கள். விளைந்த ஊர், ரகம், பதப்படுத்திய முறை ஆகியவற்றோடு வறுத்த தேதியும் இருக்க வேண்டும். காலாவதித் தேதியை மட்டும் அச்சிட்ட பொட்டலத்தை நான் தொடுவதில்லை.

மூன்றாவது, ஆர்டர். பிரெஞ்சில் "உன் காஃபே" (ஒரு காபி) என்று மட்டும் கேட்டால் சிறு கோப்பையில் எஸ்பிரெஸ்ஸோ எனும் கெட்டிக் கறுப்புக் காபி வரும். துளிப் பால் வேண்டுமானால் "நுவாசெத்" என்று கேளுங்கள். முதன்முறை செல்வோருக்கு நான் சொல்வது, காகித வடிகட்டியில் கண்முன்னே வடிக்கும் கறுப்புக் காபிதான். ஏறத்தாழ 15 கிராம் தூளுக்கு 250 மில்லி வெந்நீர் என்பது வழக்கமான அளவு. முதலில் கொஞ்சம் நீரை மட்டும் ஊற்றி அரை நிமிடம் பொறுப்பார்கள். அப்போது தூள் உப்பி, குமிழி விட்டு மூச்சு வாங்கும். வறுக்கும்போது கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயு வெளியேறுவதே அது என்பதால், நன்றாக உப்பினால் காபி புதியது என்று கொள்ளலாம். சிக்கரி கலந்த டிகாக்‌ஷனின் கெட்டித்தன்மையை இதில் எதிர்பார்க்காதீர்கள்.

புர்போன் புவாந்து என்ற காபி ரகம் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஏமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து 1715 இல் இத்தீவுக்கு வந்த காபிச் செடியிலிருந்து இயற்கையான மாற்றத்தால் இங்கேயே தோன்றிய ரகம் அது. மற்ற அராபிகா வகைக் காபிகளில் உள்ளதில் ஏறத்தாழ பாதி அளவே காஃபீன் இருப்பதால் கசப்புக் குறைவு. 1806, 1807 ஆம் ஆண்டுகளின் புயல்கள் தோட்டங்களை அழித்தபின் காபி நிலங்களில் கரும்பு ஏறியது. இத்தீவுத் தமிழர்களாகிய நம் முன்னோர் கப்பலேறி வந்தது அந்தக் கரும்புக்காகத்தான். ஏறக்குறைய மறைந்தே போயிருந்த இந்த ரகத்தை, 1999 இல் இங்கு வந்து தேடத் தொடங்கிய ஜப்பானியக் காபி வல்லுநர் கவாஷிமா யோஷியாகியும் உள்ளூர் விவசாயிகளும் மீட்டெடுத்தார்கள். விளைச்சல் குறைவு என்பதால் விலை அதிகம். ஆனாலும் ஒரு கோப்பையாவது குடிக்காமல் தீவை விட்டுப் போகாதீர்கள்.

கோப்பை வந்ததும் சர்க்கரையை ஓரமாக வையுங்கள். சுடச்சுட ஒரு வாய், மிதமாக ஆறியபின் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்; புளிப்பும் இனிப்பும் ஆறிய பிறகே துலங்கும். விலையிலேயே சேவைக் கட்டணம் அடங்கிவிடுவதால் டிப்ஸ் கட்டாயமில்லை.

வீட்டுக்கு வாங்கினால், எந்தக் கருவிக்கு அரைக்க வேண்டும் என்று கேட்பார்கள். நம் ஃபில்டரை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கைப்பேசியில் அதன் படத்தைக் காட்டி, எஸ்பிரெஸ்ஸோவுக்கு அரைப்பதை விடச் சற்றே கரகரப்பாக அரைத்துத் தரச் சொல்லுங்கள்.