முதல் டிஎஸ்எல்ஆர் கமரா வாங்குவோர் கவனத்திற்கு

குறைந்த செலவில் முதல் டிஎஸ்எல்ஆர் கமரா வாங்க விரும்புவோர், 2018இல் வெளிவந்த நிக்கோன் டி3500 போன்ற தொடக்கநிலைக் கமராவைப் பாவித்த நிலையில் தேடுவதே சிறந்தது என்பது என் கருத்து. எனினும், வாவியும் கடலும் சூழ்ந்த மட்டக்களப்பில் ஈரக்காற்றினால் வில்லைக்குள் பூஞ்சணம் படர்ந்திருக்கக்கூடும் என்பதால், வில்லையைக் கழற்றி, பின்னாலுள்ள சிறு நெம்பைத் தள்ளித் ஒளி புகும் துவாரத்தை முழுமையாகத் திறந்து, கைபேசி வெளிச்சத்தைப் பாய்ச்சி, சிலந்திவலை போன்ற இழைகள் தெரிகின்றனவா என்று பார்த்த பின்னரே விலை பேசுங்கள். வெளிப்புறக் கீறல்களைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. டி3500இன் உடலில் குவிய மோட்டார் இல்லாததால், மலிவாகக் கிடைக்கும், தமக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை வில்லைகள் அதில் தானாகக் குவியம் கொள்ளமாட்டா. மிஞ்சும் பணத்தில், அதிக ஒளியை உள்வாங்கும் 35 மில்லிமீற்றர் எஃப்/1.8 ஜி வில்லையை வாங்கினால், கல்லடிப் பாலத்தடியில் மங்கும் மாலை வெளிச்சத்திலும் தெளிவாகப் படமெடுக்கலாம். வீட்டில் கமராவைத் தோல் பையில் வைக்காமல், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள்.