பார்ட் மாத்தின பிறகு ஐடில்ல வண்டி குலுங்குதா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

பிளக் மாத்தியாச்சு, இல்ல த்ரோட்டில் பாடிய (என்ஜினுக்குள்ள போற காத்த அளவா விடுற வால்வு) கழட்டி கிளீன் பண்ணியாச்சு, ஸ்டார்ட் பண்ணா வண்டி நடுங்குது, ஆர்பிஎம் முள்ளு 500க்கும் 1000க்கும் நடுவுல ஆடிட்டே இருக்கு. உடனே அடுத்த பார்ட் வாங்க ஓடுறாங்க பாருங்க, அதுதான் முதல் தப்பு. வேலைக்கு முன்னாடி ஐடில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காம என்ஜின் சும்மா ஓடுறது, ஒழுங்கா இருந்துச்சுன்னா நீங்க கை வெச்ச இடத்துலதான் முதல்ல தேடணும், அதுலயும் மாத்துன பார்ட்ட விட அந்த பார்ட் கிட்ட போறதுக்காக வழியில கழட்டுன ஹோஸ், கனெக்டர், கிளாம்ப் இதையெல்லாம்தான் பாக்கணும்.

எனக்கு நடந்தத சொல்றேன். பிளக் மாத்த இன்டேக் மேனிஃபோல்ட (சிலிண்டருக்கெல்லாம் காத்த பிரிச்சு அனுப்புற குழாய்) கழட்ட வேண்டியிருந்துச்சு, திரும்ப மாட்டினதும் ஒரே குலுக்கல், புது பிளக்க சந்தேகப்பட்டு ரெண்டு தடவ கழட்டி மாட்டினேன், கடைசில மேனிஃபோல்டுக்கு பின்னாடி போற பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள்ள சேர்ற வாயுவ திரும்ப இன்டேக்குக்கு கொண்டு போற ட்யூப்) பாதிதான் ஏறியிருக்கு. கண்ணுக்கு தெரியல, விரலால தடவிப் பாத்தப்பதான் சிக்குச்சு.

இவ்ளோ சின்ன லீக் ஏன் இப்படி ஆட்டுதுன்னா, ஐடில்ல த்ரோட்டில் கிட்டத்தட்ட மூடியே இருக்கும், என்ஜின் இழுக்குற காத்தே கம்மி, அதுல கணக்குல வராத காத்து கொஞ்சம் புகுந்தாலும் காத்து-பெட்ரோல் கலவை கெட்டுடும். ரேஸ் கொடுத்தா உள்ள போற காத்து பல மடங்கு ஆயிடுறதால அதே லீக் ஒரு பொருட்டே இல்ல. அதனால ஸ்கேனர் இருந்தா ஃபால்ட் கோட மட்டும் படிச்சிட்டு விட்டுடாதீங்க, ஃபியூயல் ட்ரிம்ம (வண்டியோட கம்ப்யூட்டர் பெட்ரோல எத்தன சதவீதம் கூட்டுது, குறைக்குதுன்னு காட்டுறது, பிளஸ்னா கூட்டுது) ஐடில்ல ஒரு தடவ, 2500 ஆர்பிஎம்ல ஒரு தடவ பாருங்க. ஐடில்ல பிளஸ் 15, 20ன்னு காட்டி, 2500ல பூஜ்யத்துக்கு பக்கத்துல வந்தா ஏர் லீக்னு பெரும்பாலும் நம்பலாம். ரேஸ்லயும் பிளஸ்லயே நின்னா ஃபியூயல் பிரஷர், உள்ள போற காத்த அளக்குற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போங்க. ஆனா மேப் சென்சார (மேனிஃபோல்டுக்குள்ள இருக்குற அழுத்தத்த அளக்குறது) வெச்சு மட்டும் காத்த கணக்கு பண்ற வண்டியில லீக் இருந்தா ட்ரிம் ஏறாம ஐடில்தான் ஏறும், அத மறந்துட்டு ட்ரிம் நல்லா இருக்கு லீக் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க.

லீக் தேட சூடான என்ஜின் மேல கார்ப் கிளீனர் அடிக்கிறத பாத்தா எனக்கு பயமாவே இருக்கும், அது சட்டுனு தீப்பிடிக்கிற சாமான், பக்கத்துலயே எக்ஸாஸ்ட் கொதிச்சிட்டு இருக்கு. ஸ்மோக் டெஸ்ட் (இன்டேக்குக்குள்ள புகைய விட்டு எங்க கசியுதுன்னு பாக்குறது) பண்ண வழி இருந்தா அதையே பண்ணுங்க.

இன்னொன்னு, குறிச்சு வெக்காம கோட அழிக்கிறது. ஃபால்ட் வந்த நேரத்துல வண்டி எந்த நிலையில இருந்துச்சுன்னு ஈசியு (வண்டியோட கம்ப்யூட்டர்) சேத்து வெச்ச ஃப்ரீஸ் ஃப்ரேமும் கூடவே போயிடும். பேட்டரிய கழட்டினாலும் பல வண்டியில ஐடிலுக்காக கத்துக்கிட்டத எல்லாம் ஈசியு மறந்துடும், அதே மாதிரி அழுக்கு த்ரோட்டிலுக்கு பழகுன ஈசியு கிளீன் பண்ண த்ரோட்டில பாத்து கொஞ்சம் தடுமாறும். அஞ்சே நிமிஷத்துல வேலை கெட்டுப்போச்சுன்னு முடிவு கட்டாம, உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல ஐடில் ரீலேர்ன் (ஈசியுவுக்கு ஐடில திரும்ப கத்துக் கொடுக்குறது) எப்படின்னு பாத்து செய்யுங்க.

பி0301 மாதிரி மிஸ்ஃபயர் கோட் (முதல் சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியலன்னு அர்த்தம்) வந்தா, பிளக்குக்கு கரண்ட் கொடுக்குற காயில புதுசா வாங்காதீங்க, முதல் சிலிண்டர் காயில ரெண்டாவதுக்கு மாத்துங்க. கோட் பி0302 ஆச்சுன்னா காயில்தான், அங்கயே நின்னா பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன். கீழ விழுந்த பிளக்க அப்படியே மாட்டாதீங்க, முனையில இருக்குற இடைவெளி (கேப்) சுருங்கியிருக்கும் இல்ல பீங்கான்ல விரிசல் விட்டிருக்கும். ஓடுற என்ஜின்ல காயில உருவி டெஸ்ட் பண்றதும் வேணாம், ஷாக் அடிக்கும். செக் என்ஜின் லைட் விட்டு விட்டு எரிஞ்சா ஓட்டவே கூடாது, எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டர்ல போய் எரிஞ்சு அதையும் சேத்து காலி பண்ணிடும்.

முள்ளு ஆடாம பாடி மட்டும் அதிர்ந்தா என்ஜின் மவுண்ட (என்ஜின தாங்குற ரப்பர் பிடிமானம்) பாருங்க. மாத்துனது டைமிங் பெல்ட்டுன்னா மட்டும் ரேஸ் கொடுத்து பாக்குற வேலையே வேணாம், ஆஃப் பண்ணிட்டு கிராங்க கையால ரெண்டு முழு சுத்து சுத்தி மார்க் எல்லாம் சேருதான்னு பாருங்க, ஒரு பல் தள்ளியிருந்தாலே ஐடில் கெட்டுடும்.