மேட்ச்சா, தேர்தலா: எந்த வெற்றி மனசுக்குப் பெரிது என்று கண்டுபிடிப்பது எப்படி

"கப் ஜெயிச்சா விடிய விடிய ஆடுறாங்க, தேர்தல் முடிவு வந்தா டீவியை அணைச்சிட்டுத் தூங்குறாங்க" என்று ஜனங்களைத் திட்டுவது சுலபம். நானும் திட்டியிருக்கிறேன். சத்தத்தை வைத்து அக்கறையை அளக்கக் கூடாது என்பது, ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

ஒரு பெரிய ஃபைனல், ஒரு வாக்கு எண்ணிக்கை. இந்த இரண்டு நாளும் பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவதைப் பேசியபடியே எழுதுங்கள். "எது முக்கியம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் எல்லோரும் அரசியல் என்றுதான் சொல்வார்கள்.

எழுதியதில் முதலில் 'நாம', 'நாங்க', 'அவங்க' மூன்றையும் தேடுங்கள். ஃபைனல் அன்று அப்பா, பல மாதமாகப் பேசாத சித்தப்பாவுக்குப் போன் போட்டு "ஜெயிச்சிட்டோம்டா" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். வாக்கு எண்ணிக்கை அன்றும் அதே நாற்காலி. அப்பா ஓட்டுப் போட்ட கட்சிதான் ஜெயித்தது. போனை எடுத்தார், சித்தப்பா பெயர் வரை போனார், கீழே வைத்துவிட்டார். சித்தப்பா அந்தப் பக்கம். மேட்ச்சில் கேட்பவரையும் சேர்த்து 'நாம'. தேர்தலில் அவரை விட்டுவிட்டு 'நாங்க'. குறைவது அக்கறை இல்லை, பங்கு போட ஆள்தான்.

1976-இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதையே பார்த்தார்கள். தங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயித்தால் மாணவர்கள் அதிகமாக 'நாங்கள் ஜெயித்தோம்' என்றார்கள், தோற்றால் 'அவர்கள் தோற்றார்கள்'. ஆங்கிலத்தில் நாமும் நாங்களும் ஒரே சொல். நம் காதுக்கு இன்னும் நுணுக்கமாகப் பிடிபடும்.

அடுத்து, தேதி போட்டுத் திரும்பிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து, பிறகு ஒரு வருஷம் கழித்து. 2022 டிசம்பரில் கால்பந்து உலகக் கோப்பையோடு வந்த அர்ஜென்டினா அணியைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம். பஸ் நகர முடியாமல் வீரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். 2023 நவம்பரில் அதே மக்கள் ஆளுங்கட்சியின் வேட்பாளரைத் தோற்கடித்தார்கள். பிரேசில் 2014 ஜூலையில் ஜெர்மனியிடம் 7-1 என்று சொந்த மண்ணில் நொறுங்கியது. அக்டோபர் தேர்தலில் அப்போதைய அதிபர் தில்மா ரூசெஃப் மறுபடி ஜெயித்தார். ஜனங்கள் இரண்டு கணக்கையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

சில நாட்களைப் பிரிக்கவே முடியாது. அதற்குத் தனிப் பக்கம் விடுங்கள். 1995 ஜூன் 24, ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானம், ரக்பி உலகக் கோப்பை ஃபைனல். தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 15-12 என்று வென்றது. அதிபர் மண்டேலா அந்த அணியின் பச்சை ஜெர்சியில் வந்து கோப்பையைக் கொடுத்தார். கறுப்பின மக்களில் பலருக்கு அது நிறவெறியின் ஜெர்சி. 1994 தேர்தல் வெற்றியைத் தோற்றவர்களோடும் பங்கு போட அவர் அதை மாட்டிக்கொண்டார். எனக்கு இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று இன்றும் தெரியவில்லை.

கடைசியாக, யார் யாருக்கு எப்போது போன் செய்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று ஒரு வரி சேருங்கள். என் நோட்டில் இருப்பது இது: வாக்கு எண்ணி பதினோராம் நாள், அப்பா சித்தப்பாவைக் கூப்பிட்டார். "கரண்ட் பில் ஏத்தப் போறாங்களாமே, கேள்விப்பட்டியா?" நாற்பது நிமிஷம் பேசினார்கள்.