சீட்டு, டெபாசிட் போடும் முன்

"நம்ம தெரு அக்காதான் சேர்த்துவிட்டாங்க" என்று சென்னையில் பலர் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அக்கா நல்லவர்தான், ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது. சீட்டு என்றால், 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று கேளுங்கள். கம்பெனிக்குப் பதிவு இருந்தால் போதாது. நீங்கள் சேரும் சீட்டுக்கே தனியாக முன் அனுமதியும் பதிவும் வேண்டும். அந்தப் பதிவு எண்ணையும் சீட்டு ஒப்பந்த நகலையும் வாங்கி, பதிவுத்துறையில் விசாரியுங்கள். நகல் தர இழுத்தடித்தால் அப்புறம் பேச்சே வேண்டாம்.

டெபாசிட்டா? டெபாசிட் வாங்க அந்த நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று ரிசர்வ் வங்கியின் சசேத் (Sachet) இணையதளத்தில் அதன் பெயரைத் தேடுங்கள். வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. மாதம் 10 சதவீதம் என்றால், திறப்பு விழாவுக்கு எந்த நடிகர் வந்திருந்தாலும் சரி, எழுந்து வந்துவிடுங்கள்.